அயர்லாந்தில் பாம்பு கிடையாது

ரூபிக்குப் பாம்பு என்றால் பயம். அது யாருக்குத்தான் இல்லை என்பீர்கள். மற்றவர்களுக்குப் பாம்பைப் பார்த்தால்தான் பயம் வரும். ரூபிக்கு யாராவது ஒரு பையைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தாலே போதும், முகம் வெளுத்துவிடும். அவள் கணவன் ஜெனோ குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் பழக்கடை வைத்திருக்கிறான். ஒருநாள் ஆசையாக ஒரு பை நிறைய மங்குஸ்தான் கொண்டுவந்து அடுக்களையில் வைத்தான். பை மெல்லச் சரிந்தது. ரூபி போட்ட சத்தத்தில் அடுத்த தெருவிலிருந்து ஆட்கள் ஓடிவந்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவன் பழத்தைக் கையில் ஏந்திக்கொண்டுதான் வீட்டுக்குள் வருகிறான், பாவம்.

நானும் அவளும் தென்காசியில் ஒரே தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் முத்துலட்சுமி, பிரசவ வார்டு. அவள் கேஷுவாலிட்டி, அவசரச் சிகிச்சை. எங்கள் வார்டுக்கு வருகிற பையில் பழைய சேலையும் பிளாஸ்க்கும் இருக்கும். அவள் வார்டுக்கு வருகிற பையில் என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். வயலில் யாரையாவது பாம்பு கடித்தால் கடிபட்டவரை மட்டும் கொண்டுவர மாட்டார்கள், கடித்த பாம்பையும் அடித்து எடுத்துக்கொண்டு வருவார்கள். எந்தப் பாம்பு என்று கண்ணால் பார்த்தால்தான் டாக்டர் அதற்கேற்ற ஊசி போடுவார் என்று எண்ணம். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான், பாம்பைத் தேடி நேரத்தைக் கெடுக்காதீர்கள் என்று நாங்கள் சொல்லாத நாள் இல்லை. கேட்கிற மாதிரி தலையாட்டிவிட்டு அடுத்த தடவையும் பாம்போடு வந்து நிற்பார்கள். தூக்குவாளி, சோற்றுச் சட்டி, பள்ளிக்கூடப் பை என்று எதில்தான் வரவில்லை? எனக்கு இதைக் கேட்டால் கோபம் வரும். ரூபிக்கு மூச்சு அடைக்கும்.

போன வருஷம் சாரல் காலத்தில் அச்சன்புதூரிலிருந்து ஆவுடைத்தாய் என்ற அம்மாவைக் கொண்டுவந்தார்கள். களை பறிக்கும்போது நல்ல பாம்பு கையில் கடித்திருந்தது. வந்து சேர்வதற்குள் இமை இரண்டும் தொங்கிவிட்டன, நாக்குக் குழறியது, சற்று நேரத்தில் மூச்சும் நின்றது. ரூபி அந்த அம்மாவின் முகத்தில் மாஸ்க்கை வைத்து, அதோடு சேர்ந்த ரப்பர் பந்தைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்க ஆரம்பித்தாள். அமுக்கினால் மூச்சு உண்டு, கையை எடுத்தால் இல்லை. டாக்டர் தொண்டையில் குழாய் போட ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஆவுடைத்தாயின் வீட்டுக்காரர் சுடலைமாடன், பின்னாலேயே பைக்கில் வந்தவர், வாய் கட்டிய ஒரு உரச்சாக்கோடு உள்ளே நுழைந்தார்.

“சார், இன்னா, இந்தப் பாம்புதான் சார் கடிச்சிட்டு. பாத்துச் சொல்லுங்க,” என்று சாக்கைத் தரையில் வைத்துக் கயிற்றை அவிழ்த்தார். வயலில் அடித்த அடியில் செத்துவிட்டது என்று அவர் நினைத்திருந்தார். அது சாகவில்லை. மயக்கம் தெளிந்து நல்ல உயிரோடு வெளியே வந்தது.

டாக்டர் ஓடினார். அட்டெண்டர் ஓடினார். சுடலைமாடனையும் யாரோ பிடித்து வெளியே இழுத்துவிட்டார்கள். பாம்பு மற்ற வார்டுக்குப் போய்விடக் கூடாதே என்று ஒரு புத்திசாலி கேஷுவாலிட்டிக் கதவை வெளியிலிருந்து தாழ் போட்டுவிட்டார். உள்ளே ஆவுடைத்தாய், ரூபி, பாம்பு. எவ்வளவு நேரம் அப்படி என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கடைசியில் சுடலைமாடன் கூட்டத்தை நெட்டித் தள்ளிக் கதவைத் திறந்து, தரை துடைக்கிற கட்டையோடு உள்ளே போய்ப் பாம்பை அடித்தார். அது கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடந்ததாம். ரூபி அதே கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அமுக்கிக்கொண்டிருந்தாள். ஆவுடைத்தாய்க்குக் குழாய் போட்டுத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் நர்ஸ்கள் தினத்தில் ரூபிக்குப் பொன்னாடை போர்த்தி, அஞ்சா நெஞ்சம் அது இது என்று பேசினார்கள். அன்றைக்குத் தலைதெறிக்க ஓடியவர்கள் எல்லாரும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ரூபி மேடையில் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

ஆனால் அவள் அந்த வார்டில் நிம்மதியாக நின்று நான் பார்க்கவில்லை. டிரிப் ஏற்றுவதற்கு முன்னால் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்ப்பாள். யாராவது கதவைச் சாத்தினால் துள்ளி விழுவாள். யாரோ அவளிடம் அயர்லாந்தில் பாம்பே கிடையாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி முத்து, ஒண்ணு கூடக் கெடையாதாம்ட்டி. காட்டுலயும் கெடையாதாம்,” என்று என்னிடம் வந்து சொன்னபோது அவள் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்தேன். அந்த நாட்டு ஆஸ்பத்திரி ஒன்று ஜெனரல் வார்டுக்கு நர்ஸ்கள் எடுக்கிறது என்று தெரிந்ததும் விண்ணப்பித்துவிட்டாள். தனியாகப் போகப் பயம் என்று என்னையும் விண்ணப்பிக்க வைத்தாள். அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: கேஷுவாலிட்டி இல்லாத, சாக்கு வராத ஒரு இடம்.

எழுத்துத் தேர்வை இருவரும் எப்படியோ தேறிவிட்டோம். மிச்சம் இருந்தது வீடியோவில் இன்டர்வியூ. நடந்தது ஒன்றைச் சொல்லு, அப்போது நீ என்ன செய்தாய், பிறகு என்ன ஆயிற்று என்றுதான் அதில் கேட்பார்கள். வாயைத் திறந்தால் இறந்தகாலம். அதற்காக ரத வீதியில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் நடக்கிற பயிற்சி மையத்தில் சேர்ந்தோம். மாஸ்டர் பேர் பேச்சிராஜ். பேருக்கேற்ற மாதிரி நிறுத்தாமல் பேசுவார்.

“வா-ங்கிறது வந்தேன் ஆகலையா? தா-ங்கிறது தந்தேன் ஆகலையா? அதே மாதிரிதான். கோ வென்ட் ஆவும், ரன் ரேன் ஆவும். அதுகளை மனப்பாடம்தான் பண்ணணும். மத்ததுக்கெல்லாம் பின்னால ஒரு இ.டி.யை ஒட்டுங்க, முடிஞ்சு போச்சு,” என்பார். எழுதுவதற்கு முடிந்து போகும். சொல்வதற்கு முடியவில்லை. நாங்கள் சின்ன வகுப்பிலிருந்து வாக்கெட், குக்கெட், ஆஸ்கெட் என்று வளர்ந்தவர்கள். அது அப்படியில்லையாம். வாக்ட், குக்ட் என்று வார்த்தையின் வாலில் ஒரு சின்ன ஒலி ஒட்டிக்கொண்டு போக வேண்டுமாம். வாண்ட், நீட் மாதிரி நாக்கு மேலே தட்டி முடிகிற வார்த்தைக்கு மட்டும்தான் அந்த ‘எட்’ தனியாக வரலாம். டிட் என்று சொல்லிவிட்டால் பக்கத்தில் வென்ட் வரக் கூடாது, கோ-தான். பழசைச் சுமக்க ஒரு ஆள் போதும் என்பார் மாஸ்டர்.

எனக்கு இரண்டு வாரத்தில் பிடிபட்டது. ரூபிக்கும் வந்தது, ஆனால் பயந்தால் போய்விடும். மாஸ்டர் திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வாக்ட் திரும்பவும் வாக்கெட் ஆகிவிடும்.

“நேத்து நடந்து நேத்தோட முடிஞ்சு போச்சு பாருங்க, அதுக்குத்தான் சிம்பிள் பாஸ்ட்,” என்று ஒருநாள் சொன்னார்.

“முடியலைன்னா சார்?” என்று கேட்டாள் ரூபி.

“அதுக்கு வேற டென்ஸ் இருக்கு. அடுத்த வாரம் பாப்போம்,” என்றார் மாஸ்டர். வகுப்பு சிரித்தது. ரூபி சிரிக்கவில்லை.

இன்டர்வியூவுக்கு மாஸ்டரே ஒரு கதை தயாரித்து வைத்திருந்தார். ‘வேலையில் நீ பயந்த ஒரு சமயத்தைச் சொல்’ என்று கேட்டாலும் அதுதான், ‘நீ சமாளித்த ஒரு சிக்கலைச் சொல்’ என்று கேட்டாலும் அதுதான். வார்டில் ஒரு தாத்தா கட்டிலிலிருந்து விழப் போகிறார். நான் பார்த்தேன், ஓடினேன், தாங்கிப் பிடித்தேன், டாக்டருக்குத் தெரிவித்தேன், கட்டில் கம்பியை ஏற்றினேன். எல்லா விதமான வினைச்சொல்லும், வாலில் வருகிற எல்லா ஒலியும் அதற்குள் அடங்குகிற மாதிரி பார்த்துப் பார்த்துச் செய்தது. கெட்டிக்கார மனுஷன்தான். ஆனால் அங்கே படித்த ஒவ்வொருவர் கண் முன்னாலும் அதே தாத்தா அதே கட்டிலிலிருந்து விழுந்தார். ரூபிக்கு அந்தத் தாத்தாவை ரொம்பப் பிடித்துப்போயிற்று. “பாம்பைப் பத்திச் சொல்ல வேண்டாம்லா,” என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

இன்டர்வியூ அன்று காலையிலிருந்தே சாரல். மாடியில் ஒரு சின்ன அறையில் கம்ப்யூட்டர், வெளியே பெஞ்சு, நடுவில் பிளைவுட் தடுப்பு. தும்மினால் கூட இந்தப் பக்கம் கேட்கும். முதலில் நான் போனேன், தாத்தாவை விழவைத்தேன், பிடித்தேன், வந்தேன். அடுத்து தாணு என்று கீழப்பாவூர்ப் பையன், அவனும் நர்ஸ், அவனும் தாத்தாவைப் பிடித்துவிட்டு வந்தான். பிறகு ரூபி. உள்ளே போகும்போது அவள் கையைத் தொட்டேன், ஐஸாக இருந்தது.

திரையில் நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார அம்மா. பெயர், படிப்பு எல்லாம் கேட்டாள். பிறகு, வேலையில் நீ பயந்த ஒரு சமயத்தைச் சொல்லு என்றாள். ரூபி ஆரம்பித்தாள். எங்கள் வார்டில் ஒரு தாத்தா இருந்தார் என்றாள்.

அந்த அம்மா கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்: “அந்தத் தாத்தாவை எனக்குத் தெரியும். இன்றைக்குக் காலையிலிருந்து மூன்றாவது தடவை விழுகிறார். உன்னுடையதைச் சொல், ரூபி.”

வெளியே எனக்கும் தாணுவுக்கும் உயிர் போய்விட்டது. மாஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ரூபி எழுந்து வந்துவிடுவாள், அல்லது மயங்கி விழுந்துவிடுவாள் என்று நான் நினைத்தேன். கதவைத் திறக்கலாமா என்று கூட எழுந்தேன்.

அப்போது ரூபி பேச ஆரம்பித்தாள். இங்கிலீஷ்தான். ஆனால் அது வகுப்பில் படித்த இங்கிலீஷ் இல்லை. ஒரு அம்மாவைப் பாம்பு கடித்தது, அவள் கணவர் பாம்பையும் கொண்டுவந்தார் என்றாள்.

“பாம்பையுமா?” என்றாள் வெள்ளைக்கார அம்மா.

“ஆமாம் மேடம். எங்கள் ஊரில் கொண்டுவருவார்கள்.”

சாக்கு திறந்ததையும், எல்லாரும் ஓடியதையும், கதவைப் பூட்டியதையும் சொன்னாள். ‘பிரஸ்ஸெட்’, ‘பிரஸ்ஸெட்’ என்று வந்தது. மாஸ்டர் சொல்லிக்கொடுத்த வால் ஒலி ஒன்றுகூட வரவில்லை. ‘ஐ பிரஸ்ஸெட், ஐ பிரஸ்ஸெட்’ என்று சொல்லும்போது அவள் குரல் அமுக்குகிற கணக்கிலேயே வந்தது. மாஸ்டர் திருத்த வாய் எடுக்கவில்லை. நாங்களும் அசையவில்லை.

“நீ தைரியசாலி,” என்றாள் வெள்ளைக்கார அம்மா.

“இல்லை மேடம்,” என்றாள் ரூபி. “எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் கையை எடுத்தேன். அந்த அம்மாவின் முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டுக் கதவுக்கு ஓடினேன். இழுத்தேன். கதவு பூட்டியிருந்தது. அதனால்தான் திரும்பி வந்தேன். கதவு திறந்திருந்தால் நான் போயிருப்பேன். அந்த அம்மா செத்திருப்பாள்.”

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஜெனோவிடம் சொன்னதில்லை, என்னிடம் சொன்னதில்லை, தமிழில் சொன்னதே இல்லை. பொன்னாடை போர்த்தியபோது ஏன் அழுதாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த நாளுக்குப் பிறகு அவள் பயந்ததெல்லாம் பாம்புக்கு இல்லை. தன் கைக்குப் பயந்திருக்கிறாள். இத்தனை நாள் பக்கத்தில் இருந்தும் எனக்கு இது தெரியவில்லை.

வெள்ளைக்கார அம்மா, சொன்னதற்கு நன்றி என்றாள். ஏன் அயர்லாந்துக்கு வர ஆசைப்படுகிறாய் என்று கடைசிக் கேள்வி கேட்டாள். அதற்கும் மாஸ்டர் ஒரு பதில் தயாரித்திருந்தார். ரூபி, “அங்கே பாம்பு இல்லை மேடம்,” என்றாள். வெளியே வந்ததும், எல்லாம் போச்சு என்று என் தோளில் விழுந்து அழுதாள். எனக்கும் போச்சு என்றுதான் தோன்றியது.

பதில் வந்தபோது எனக்கும் தாணுவுக்கும் வருத்தத்துடன் இல்லை என்று வந்தது. தாத்தாவைத் தாங்கிப் பிடித்ததற்குக் கைமேல் பலன். ரூபிக்குக் கிடைத்திருந்தது. ஆனால் அவள் போனைத் தூக்கிக்கொண்டு பிரசவ வார்டுக்கு வந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை.

“ஏட்டி, எமர்ஜென்சின்னு போட்டிருக்காவட்டி. நான் ஜெனரல் வார்டுல்லா கேட்டேன்? உன்னை மாதிரி ஆளுதான் எமர்ஜென்சிக்கு வேணும்னு எழுதியிருக்காவ.”

“பாம்பு கெடையாதுல்லா. பெறவு என்னட்டி பயம்?”

“பாம்பு கெடையாது. அங்கனயும் அமுக்குதது என் கைதான,” என்றாள். வருகிறேன் அல்லது வரவில்லை என்று அவள் அந்த வாரத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும். நாள் போய்க்கொண்டிருந்தது, அவள் அனுப்பவில்லை. வேண்டாம் என்று எழுதிவிடப் போகிறேன் என்றாள். நர்ஸ் வேலையே வேண்டாம், ஜெனோ கடையில் பழம் விற்கப் போகிறேன் என்று கூட ஒருநாள் சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

கெடு முடிவதற்கு முதல்நாள் மத்தியானம் கேஷுவாலிட்டியில் கூட்டம் இல்லை. நான் அவளோடு சாப்பிடப் போயிருந்தேன். வாசலில் சுடலைமாடன் வந்து நின்றார். கையில் அதே மாதிரி உரச்சாக்கு, அதே மாதிரி வாய் கட்டி. பின்னால் ஆவுடைத்தாய் தன் காலால் நடந்து வந்தாள். ரூபி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“பயப்படாதீய சிஸ்டர், புது அரிசி. நம்ம வயலு நெல்லு. வெளிநாடு போறீயளாமே, சொன்னாவ,” என்றார் சுடலைமாடன். தான் என்ன தூக்கிக்கொண்டு வந்திருக்கிறோம் என்று மனுஷனுக்குத் துளியும் உறைக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அங்கேயே வைத்து நாலு கேட்டிருப்பேன். ஆவுடைத்தாய் அவரை ஒதுக்கிவிட்டு ரூபியின் பக்கத்தில் வந்தாள்.

“இந்தக் கைதான,” என்று ரூபியின் வலது கையை எடுத்து வைத்துக்கொண்டாள். “கண்ணுதான் தொறக்க முடியலம்மா, மத்தபடி அன்னைக்கு எனக்கு நெனவு இருந்துச்சு. எல்லாங் கேட்டுக்கிட்டுதான் கெடந்தேன்.”

அது உண்மைதான். நல்ல பாம்பு விஷத்தில் உடம்பு அசையாது, புத்தி முழித்திருக்கும். நாங்கள் படித்திருக்கிறோம். ரூபியும் படித்திருக்கிறாள். அவள் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள், ஆவுடைத்தாய் விடவில்லை.

“நடுவுல ஒருக்கா மூச்சு நின்னுட்டு. நீ போயிட்டேன்னு தெரிஞ்சுது. கதவை இழுத்த சத்தமும் கேட்டுச்சு. சரி, புள்ள பொழைச்சுப் போவட்டும், நம்ம கதை முடிஞ்சுதுன்னு நெனைச்சேன். பெறவு திரும்ப வந்து அமுக்குன.”

“கதவு பூட்டியிருந்துச்சும்மா,” என்றாள் ரூபி. “அதான் வந்தேன்.”

“கதவுதான பூட்டியிருந்துச்சு? பாம்புக்குத் தப்பி மேசை மேல ஏறி நின்னிருக்கலாம்லா நீ?” என்றாள் ஆவுடைத்தாய்.

ரூபி போய்ச் சாக்கின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். சுடலைமாடன் அவிழ்க்கப் போனார், வேண்டாம் என்று தலையாட்டினாள். முடிச்சு லேசில் வரவில்லை. பின்னால் கதவு அகலத் திறந்துதான் கிடந்தது. அவளே அவிழ்த்து, உள்ளே கையை விட்டு, ஒரு கை அரிசியை எடுத்தாள்.

அன்று சாயங்காலம் பதில் அனுப்பினாள், வருகிறேன் என்று.